தாமலுக்குப் போய்த் திரும்பிய நஞ்சுக்கொடி

எங்கள் தெருவில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் இப்போது என்னிடம் அனுப்பிவைக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் தரம் பார்ப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன். புடவையை மேஜைமேல் விரித்து, சின்ன பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்து, ஓர் அங்குலத்தில் எத்தனை இழை இருக்கிறது என்று எண்ணுவதுதான் என் வேலை. வேலை முடிந்தபிறகும் எண்ணுகிற பழக்கம் முடியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் கம்பிகளை எண்ணுவேன், கோயிலுக்குப் போனால் தூண்களை எண்ணுவேன். சாமியைப் பார்க்காமல் தூணைப் பார்க்கிறவர் என்று என் மனைவி வசந்தா சொல்வாள்.

இப்படி ஓர் ஆள் இருந்த வீட்டில்தான் எங்கள் மருமகள் தேவகியின் இருமலை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. அது எப்படி நடந்தது, பிறகு என்னென்ன நடந்தது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எழுதிவைக்கிறேன்.

தேவகி பக்கத்தில் தாமல் கிராமத்துப் பெண். ஏரித் தண்ணீரில் நெல் போடுகிற குடும்பம். என் மகன் பாலுவும் அவளும் கல்லூரியில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். பாலு வீட்டிலேயே இரண்டு தறி வைத்திருக்கிறான். புடவைகளைப் படம் எடுத்துப் போனில் அனுப்புவது, ஆர்டர் பேசுவது எல்லாம் தேவகி. அதற்காகப் பகலில் பெரும்பாலும் தறி அறையிலேயே உட்கார்ந்திருப்பாள்.

பட்டு நெய்கிற அறையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காற்று பட்டால் பட்டு இழை காய்ந்து, வெடுக்கென்று அறுந்துபோகும். அதனால் ஜன்னலைச் சாத்தியே வைப்போம். சித்திரை வெயிலிலும் மின்விசிறி போட மாட்டோம். தரையில் தண்ணீர் தெளித்து அறையை ஈரமாக வைத்திருப்போம். என் அப்பா அப்படித்தான் வைத்திருந்தார், பாலுவும் அப்படித்தான் வைத்திருந்தான். அந்த அறையில் யார் உட்கார்ந்தாலும் கொஞ்சம் இருமுவார்கள். நூல் தூசி, கஞ்சித் தூள் என்று சொல்லிவிட்டு எல்லோரும் வேலையைப் பார்ப்போம்.

தேவகிக்கு ஐந்தாம் மாதம் இருமல் வந்தது. தூசி என்றோம். சாயங்காலம் உடம்பு கதகதவென்றிருந்தது. சூடு என்றோம். வயிறு பெரிதானது, ஆனால் கன்னம் ஒட்டியது. முதல் பிரசவம், வாந்தி எடுத்தவள், அப்படித்தான் இருக்கும் என்றாள் வசந்தா. எடை பார்க்கிற இடத்திலும் முள் கீழே இறங்கவில்லை, ஏறாமல் நின்றது, அவ்வளவுதான். பின்னால் டாக்டர் சொன்னபோதுதான் எங்களுக்குப் புரிந்தது: குழந்தையும் பனிக்குட நீரும் ஏறுகிற எடை, தாயின் உடம்பு உருகுகிற எடையை மறைத்துவிடும். தராசு அதே இடத்தில் நிற்கும். களைப்பு, மூச்சு வாங்குவது, பசி இல்லாமை எல்லாம் கர்ப்பத்திலும் வரும், காசநோயிலும் வரும். அதனால்தான் இரண்டும் சேர்ந்து வரும்போது ஒன்று மற்றொன்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

ஏழாம் மாதம் ஒருநாள் காலையில் துப்பிய சளியில் சிவப்பாக ஒரு கீற்று இருந்தது. அவள் அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். மறுநாளும் வந்தது. அன்றுதான் பாலுவிடம் சொன்னாள்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த நர்சிங் ஹோம் சின்னது. டாக்டரம்மா நல்லவர், ஆனால் முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நிறைய நேரம் கேட்டார். நெஞ்சு டாக்டரிடம் அனுப்பினார். அவர் சளி எடுத்துவரச் சொல்லி ஒரு டப்பா கொடுத்தார். எச்சில் போதாது, ஆழமாக இருமி உள்ளேயிருந்து வர வேண்டும். அந்தச் சளியை ஒரு மெஷினில் வைத்தால் சில மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, வழக்கமான மருந்துக்கு அது அடங்குமா என்று இரண்டையும் சொல்லிவிடும்.

எக்ஸ்ரே என்றதும் வசந்தா கையைப் பிடித்துக்கொண்டாள். "புள்ளத்தாச்சிக்கு எக்ஸ்ரே எடுப்பாங்களா? கொழந்தைக்கு ஏதானா ஆயிடப் போவுது." வயிற்றின்மேல் ஈயக் கவசம் போர்த்தி எடுத்தார்கள். நெஞ்சுக்கு எடுக்கும் ஒரு படத்தால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை, எடுக்காமல் விட்டால்தான் கெடுதல் என்று அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். அவள் நாங்கள் நான்காவது முறை கேட்டபோதும் அதே பொறுமையுடன் சொன்னாள் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

காசநோய்தான். இரண்டு நுரையீரலிலும் இருந்தது. மருந்துக்கு அடங்குகிற வகை என்பது ஒன்றுதான் நல்ல செய்தி.

பாலு அழுதான். தேவகி அழவில்லை. "மாத்திரை சாப்ட்டா கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாது இல்ல டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

"மாத்திரை சாப்டலன்னாதாம்மா ஆவும்" என்றார் நெஞ்சு டாக்டர். அதில் ஓர் ஊசி மருந்து மட்டும் கர்ப்பத்தில் ஆகாதாம், குழந்தையின் காதைப் பாதிக்குமாம். அது இவளுக்குத் தேவையே இல்லை. மற்ற மாத்திரைகள் கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடியவை. நரம்பு மரத்துப்போகாமல் இருக்கக் கூடவே ஒரு வைட்டமின்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து நஞ்சுக்கொடியைப் பற்றிச் சொன்னார். எனக்கு அன்றுவரை அது பிரசவத்தோடு வெளியே வருகிற ஒன்று என்பதுதான் தெரியும். குழந்தைக்குச் சோறும் மூச்சும் அதன் வழியாகத்தான் போகின்றன. தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் அதில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும், ஆனால் கலக்காது. நடுவில் மெல்லிய திரை. காசநோய்க் கிருமி நுரையீரலோடு நின்றுவிட்டால் கவலை இல்லை. நிறைய நாள் கவனிக்காமல் விட்டால் அது தாயின் ரத்தத்தில் இறங்கும். ரத்தம் போகிற இடத்துக்கெல்லாம் போகும். நஞ்சுக்கொடிக்கும் போகலாம். அங்கே தங்கி, அரிசிக் குருணை போலச் சின்னச் சின்ன முடிச்சுகளைக் கட்டும். அந்த முடிச்சு உள்பக்கம் உடைந்தால் கிருமி தொப்புள்கொடி ரத்தத்தில் ஏறி நேராகக் குழந்தையின் ஈரலுக்குப் போகும். பனிக்குட நீரில் கலந்தால் குழந்தை அதை விழுங்கும்.

"அபூர்வம்தான்" என்றார். "ஆனா இவங்களுக்கு லேட்டா கண்டுபிடிச்சிருக்கோம். ரெண்டு நுரையீரல்லயும் இருக்குது. அதனால கொழந்தை பொறந்ததும் நஞ்சுக்கொடியைத் தூக்கிப் போட மாட்டேன். டெஸ்டுக்கு அனுப்பணும். கொழந்தைக்குப் போச்சா இல்லையான்னு அது சொல்லும். பொறந்த கொழந்தை ஒண்ணும் காட்டாது. நல்லாத்தான் இருக்கும். மூணு வாரம் நாலு வாரம் கழிச்சுக் காட்டும்போது நமக்கு நேரம் இருக்காது."

இரண்டு டப்பா வேண்டும் என்றார். ஒன்றில் ஃபார்மலின் என்கிற மருந்துத் தண்ணீர். அதில் போட்ட துண்டு கெடாது, மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். மற்றொன்றில் வெறும் உப்புநீர். அதில் போட்ட துண்டிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கலாம். மைக்ராஸ்கோப் எனக்குப் புரிந்தது. நானும் வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி வைத்து முடிச்சு தேடியவன்தானே.

இரண்டு டப்பாக்களையும் அன்றைக்கே வாங்கித் துணிப்பையில் போட்டு வைத்துக்கொண்டேன். பிரசவத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. பாலு சிரித்தான். "நைனா, அதுக்குள்ள டப்பா எக்ஸ்பயரி ஆயிடப் போவுது." நான் பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். வெளியே போகும்போதெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மாத்திரை அரசாங்கத்தில் இலவசம். நர்சிங் ஹோம் செலவைப் பற்றி எழுதப் போவதில்லை, அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மாத்திரை போட்ட மறுநாள் தேவகி குளியலறையிலிருந்து வெளியே வந்து வெளிறிப்போய் நின்றாள். சிறுநீர் ரத்தம்போல் போகிறது என்றாள். வசந்தா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் சாயம் போடுகிற வீட்டில் பிறந்தவள்.

"இது ரத்தம் இல்லடி. ரத்தத்துக்கு இந்த மஞ்ச வராது. இது கனகாம்பரம் கலர்" என்றாள். டாக்டருக்குப் போன் செய்தோம். அந்த மாத்திரையின் நிறம் அப்படித்தான் வெளியே வரும், வந்தால் மருந்து உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம் என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் வசந்தா கேட்பாள்: "இன்னிக்கு கனகாம்பரமா?" தேவகி வெட்கப்பட்டுக்கொண்டு தலையாட்டுவாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே சிரிப்பு அதுதான்.

சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். எங்கள் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். யாருக்கும் நோய் இல்லை, தடுப்பு மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். தேவகிக்கு யாரிடமிருந்து வந்திருக்கும் என்று நான் எட்டுப் பேரைச் சந்தேகப்பட்டேன். நெஞ்சு டாக்டர் அதை விட்டுவிடச் சொன்னார். நம் ஊரில் அது பஸ்ஸிலும் வரும், சினிமாவிலும் வரும், கண்டுபிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்றார். அந்தப் பெண் கடைசியாகத் தறி அறைக்குள் போனாள். போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"என்னா சார் இது, குகை மாதிரி இருக்குது. இருமினா கிருமி இதுக்குள்ளயே மணிக்கணக்கா மெதந்துக்கினு இருக்கும். ஜன்னலைத் தொறங்க."

"இழை அறுந்துடும்மா" என்றான் பாலு.

"இழையைக் கட்டிக்கலாம்பா."

ஜன்னல் திறந்தோம். பாலு அந்தப் புடவையை நெய்து முடிப்பதற்குள் எத்தனை முறை இழை அறுந்தது என்று நான் எண்ணினேன். அதை இங்கே எழுதினால் நெசவாளர்கள் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். தேவகியின் நாற்காலி கூடத்துக்கு வந்துவிட்டது.

தேதிக்கு மூன்று வாரம் முன்னாலேயே, விடியும் நேரத்தில், பனிக்குடம் உடைந்தது. நர்சிங் ஹோமுக்குப் போனோம். டாக்டரம்மா ஒரு கல்யாணத்துக்கு வேலூர் போயிருந்தார். கிளம்பி வருகிறேன் என்றார். அவர் வருவதற்குள் குழந்தை வந்துவிட்டது. அவசரத்துக்கு இருந்த வேறொரு டாக்டர் பிரசவம் பார்த்தார். பெண் குழந்தை. இரண்டு கிலோவும் கொஞ்சமும். அழுதது. சூடு காட்டும் பெட்டியில் வைத்தார்கள்.

நான் காத்திருக்கும் இடத்தில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே சுவரில் ஓடு பதித்திருந்தார்கள், எண்ணிக்கொண்டிருந்தேன். குழந்தையைப் பார்த்தபிறகு பையின் ஞாபகமே போய்விட்டது.

டாக்டரம்மா பத்து மணிக்கு வந்தார். குழந்தையைப் பார்த்தார், தேவகியைப் பார்த்தார், பிறகு நர்ஸிடம் கேட்டார். "ப்ளசென்டா எங்க?"

நர்ஸ் என்னைப் பார்த்தாள். "அந்த அம்மா கேட்டாங்க டாக்டர். எங்க வீட்டு வழக்கம், புதைக்கணும்னு சொன்னாங்க. கிராமத்துல நெறைய பேர் கேப்பாங்களே, அதான் குடுத்துட்டேன்."

அந்த அம்மா, தேவகியின் அம்மா. எங்கள் சம்பந்தி அலமேலு அம்மாள். மகளுக்கு முதல் பிரசவம் தாமலில்தான் நடக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, டாக்டர் மறுத்ததால் அடங்கியவர். பிரசவம் தன் வீட்டில் இல்லையென்றாலும் நஞ்சுக்கொடியாவது தன் வீட்டு மண்ணுக்குப் போகட்டும் என்று நினைத்திருக்கிறார். புதுச் சட்டி, மஞ்சள், கல்லுப்பு, வேப்பிலை எல்லாம் கையோடு கொண்டுவந்திருந்தார். நான் டப்பாக்களோடு ஒருபக்கம் உட்கார்ந்திருக்க, அவர் சட்டியோடு இன்னொரு பக்கம் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒருவர் பையில் என்ன இருக்கிறது என்று மற்றவர் கேட்கவில்லை. அவருடைய மகன் குமார் அதை வண்டியில் வைத்துத் தாமலுக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகியிருந்தது.

எங்கள் வீட்டில் இப்படிப் புதைக்கிற வழக்கம் இல்லை. அதனால் இப்படி நடக்கும் என்று எனக்கோ வசந்தாவுக்கோ தோன்றவே இல்லை. டெஸ்டுக்குப் போக வேண்டியது என்று அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை. தாமலில் தெரிந்தால் ஊர் பேசும் என்று, நோயைப் பற்றியே தேவகி தன் அம்மாவிடம் பாதிதான் சொல்லியிருந்தாள்.

குமாருக்குப் போன் அடித்தோம். எடுக்கவில்லை. லேபு ஆள் மத்தியானம் மூன்று மணிக்கு வந்து போய்விடுவான் என்றார் டாக்டரம்மா. "புதைச்சிருந்தாலும் பரவால்ல. எடுத்துக்கினு வாங்க. சட்டியைத் தொறக்காதீங்க. கையில இதப் போட்டுக்கோங்க" என்று கையுறையும் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையும் கொடுத்தார்.

அலமேலு அம்மாள் நடையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தோண்டி எடுக்கறதா? பொதச்சத எடுத்தா பெத்தவளுக்குப் பால் வத்திப்பூடும். எங்க ஊர்ல நாய் இழுத்ததுக்கே ஒருத்திக்கு வத்திச்சி. நான் வுட மாட்டேன்."

டாக்டரம்மா அவர் பக்கத்தில் போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை. "அம்மா, உங்க பேத்திக்கு இந்த நோய் போயிருக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சது அந்தக் கொடி ஒண்ணுக்குத்தான்."

அலமேலு அம்மாள் பெட்டியில் கிடந்த குழந்தையைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். நான் ஆட்டோ பேசி முடிப்பதற்குள் அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

தாமலுக்கு ஆட்டோவில் அரை மணிக்குமேல் ஆகும். நெடுஞ்சாலை ஏறியதும் அவர் ஆரம்பித்தார்.

"நல்லாத்தான் குடுத்தோம் பொண்ணை. ஓடி ஆடிக்கினு இருந்த பொண்ணு. உங்க ஊட்ல மூச்சு வுட ஒரு ஜன்னல் இருக்குதா சம்பந்தி?"

"இப்ப தொறந்துட்டோம்மா."

"இப்ப தொறந்து?"

நான் வழியில் எதிரே வந்த லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார், "டி.பி.ன்னு எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"உங்க பொண்ணுதான் வேணாம்னுது."

"என்னான்னு நெனச்சிக்கினு இருக்குறா அவ? ஊருக்குப் பயந்து பெத்தவகிட்ட மறைப்பாளா? எங்க மாமனாருக்கே இருந்துது. நான்தான் பார்த்தேன்." பிறகு வெளியே திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவர் அழுதார் என்று நினைக்கிறேன். காற்று பலமாக இருந்தது, நிச்சயமாகச் சொல்ல முடியாது.

குமார் வீட்டுக்குப் பின்னால் குளித்துக்கொண்டிருந்தான். போன் திண்ணைமேல் கிடந்தது. தென்னங்கன்று நட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக மூடிய குழி, அதன்மேல் நாய் தோண்டாமலிருக்க அம்மிக்கல். "இடுப்பளவு தோண்டிப் போட்டுட்டேம்மா, கவலப்படாத" என்று பெருமையாகச் சொன்னான்.

"எடுடா" என்றார் அலமேலு அம்மாள்.

"என்னாது?"

"மம்ட்டிய எடுடா. போட்டதை எடு."

அவன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். அவனுக்கு விளக்குகிற பொறுமை யாருக்கும் இல்லை. தோண்டினான். இடுப்பளவு என்று அவன் சொன்னது பொய், முழங்கால் அளவுதான். அந்தப் பொய்க்கு நான் அன்று நன்றி சொன்னேன். சட்டி உடையாமல் வந்தது. வாய் துணியால் கட்டியபடி இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு நான்தான் தூக்கிப் பிளாஸ்டிக் பைக்குள் இறக்கினேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

திரும்பி வரும்போது சட்டி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை வைத்தோம். ஓட்டுகிற பையன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தான்.

"என்னா சார், கோயில் பிரசாதமா? இவ்ளோ பத்திரமா புடிச்சிக்கினு வர்றீங்க."

"ரோட்டப் பார்த்து ஓட்டுப்பா" என்றார் அலமேலு அம்மாள்.

மூன்று மணிக்கு முன்னால் சேர்ந்துவிட்டோம். டாக்டரம்மா சட்டியைத் திறந்து பார்த்தார். உப்பும் மஞ்சளும் மண்ணும் பட்டுவிட்டதால் கிருமியை வளர்த்துப் பார்க்க இது உதவாது என்றார். உப்புநீர் டப்பா காலியாகவே என் கைக்குத் திரும்பி வந்தது. ஆனால் உள்பகுதி கெடவில்லை. நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் வெட்டி ஃபார்மலின் டப்பாவில் போட்டார். லேபு ஆள் அதை வாங்கிக்கொண்டு போனான்.

மீதி என்ன ஆகும் என்று அலமேலு அம்மாள் கேட்டார். ஆஸ்பத்திரிக் கழிவோடு மஞ்சள் பையில் போய் எரிக்கப்படும், நோய் இருப்பதால் வீட்டுக்குத் தர முடியாது என்றார் டாக்டரம்மா. சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

முடிவு வர ஒரு வாரத்துக்குமேல் ஆனது. இந்த வியாதியில் மிகவும் கஷ்டமானது எது என்று என்னைக் கேட்டால் அந்த நாட்களைத்தான் சொல்வேன். குழந்தையின் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு வயிற்றில் இருந்த திரவத்தை எடுத்தார்கள். குழந்தைக்குச் சளி துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் வயிற்றில் தேடுகிறார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈரலுக்கு ஸ்கேன் பார்த்தார்கள். எதிலும் ஒன்றும் இல்லை. நல்ல செய்தி என்று நாங்கள் சந்தோஷப்பட்டால், டாக்டரம்மா தலையை ஆட்டவில்லை. அவர் டப்பாவுக்குக் காத்திருந்தார்.

இதற்கு நடுவில் தேவகிக்குப் பால் வரவில்லை. முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் சில சொட்டு. அலமேலு அம்மாள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துவைக்க வேண்டாமா என்று வசந்தா கேட்டதற்கு டாக்டரம்மா வேண்டாம் என்றார். மருந்து ஆரம்பித்து ஒரு மாதத்துக்குமேல் ஆகிவிட்டது, மறுபடி பார்த்த சளியிலும் கிருமி இல்லை, முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு தாராளமாகக் கொடுக்கலாம், பால் வழியாக இந்த நோய் போகாது என்றார். குறைமாதக் குழந்தையின் தாய்க்குப் பால் தாமதமாவது சகஜம் என்றும் சொன்னார். அலமேலு அம்மாள் அதை நம்பியதாகத் தெரியவில்லை. பூண்டுக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார். வசந்தா சுறாப்புட்டு செய்தாள். நாங்கள் சைவம், பக்கத்து வீட்டில் பாத்திரம் வாங்கி, அவர்கள் வாசலிலேயே வைத்துச் செய்தாள். அவள் வாழ்நாளில் மீனைத் தொட்டது அன்று ஒருநாள்தான். மூக்கில் துணி கட்டியிருந்தாள்.

நான்காம் நாள் பால் வந்தது. ரவிக்கை நனைந்துவிட்டது என்று தேவகி வெட்கப்பட்டுச் சொன்னாள். அலமேலு அம்மாள் வெளியே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "காப்பி சாப்புடுறீங்களா சம்பந்தி?" என்றார்.

பிறகு லேபு முடிவு வந்தது. நஞ்சுக்கொடியில் இரண்டு இடத்தில் முடிச்சு இருந்தது. அதற்கென்று இருக்கிற சாயம் போட்டுப் பார்த்ததில் முடிச்சுக்குள் கிருமிகள் சிவப்பாகத் தெரிந்தன. கிருமியைக் கண்டுபிடிக்கவும் சாயம்தான் போடுகிறார்கள் என்று கேட்டு வசந்தா ஆச்சரியப்பட்டாள்.

டாக்டரம்மா, நெஞ்சு டாக்டர், குழந்தை டாக்டர் மூவரும் பேசி முடிவு செய்தார்கள். குழந்தை டாக்டர்தான் எங்களிடம் சொன்னார். "பாப்பாகிட்ட கிருமி கெடைக்கல. கொடியில இருக்குது. கொடியில ஒண்ணும் இல்லன்னு வந்திருந்தா, தடுப்புக்கு ஒரே ஒரு மருந்து குடுத்து அனுப்பியிருப்பேன். இப்ப அப்படிக் காத்திருந்து பார்க்க எனக்கு தைரியம் இல்ல. முழு வைத்தியம் ஆரம்பிச்சிடலாம்."

"அப்போ கொழந்தைக்கு வந்துடுச்சா?" என்றான் பாலு.

"வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். ரெண்டுக்கும் சேர்த்துத்தான் மருந்து."

அலமேலு அம்மாள் கேட்டார்: "அந்தக் கொடி புடிச்சி வச்சிக்கினு இருந்துச்சா டாக்டர்? உள்ள வுடாம?"

குழந்தை டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "முடிஞ்ச வரைக்கும் புடிச்சிருக்குதும்மா."

"அதான் மரியாதையா பொதைக்கறது" என்றார் அவர். தாமலில் அந்தக் குழியை வெறும் மண் போட்டு மூடியதாகக் குமார் பிறகு சொன்னான்.

குழந்தைக்கான மாத்திரை தண்ணீரில் கரையும். சின்னக் கரண்டியில் கரைத்து, கன்னத்து ஓரமாக விட வேண்டும். எடை ஏற ஏற அளவு கூடும். பாலு எழுந்ததும் முதலில் செய்கிற வேலை அதுதான். அவன் கை நடுங்காமல் சரிகை இழை கோர்க்கிறவன். அந்தக் கரண்டியை மட்டும் ஆரம்பத்தில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து ஈரல் பார்த்தார்கள். நடுவில் ஒருமுறை காய்ச்சல் வந்து எங்களை உலுக்கிவிட்டது. அது சாதாரணச் சளிக் காய்ச்சல். தேவகியின் மருந்து முதலில் முடிந்தது. அவள் கன்னம் பழையபடி ஆனது. தாமலுக்குக் குழந்தையோடு போய் வந்தாள். அவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. முன்கூட்டியே அலமேலு அம்மாள் தெரு முழுக்கத் தானே போய்ச் சொல்லிவிட்டு, "இருமினா போய் டெஸ்டு எடுங்கடி" என்று திட்டியும் வைத்திருந்தார்.

குழந்தையின் மருந்து தொடர்ந்தது. மாத்திரையின் நிறம் அதற்கும் அப்படியே வெளியே வந்தது. மொட்டைமாடிக் கொடியில் காய்கிற துணிகள் எல்லாம் கனகாம்பரக் கறையோடு இருக்கும். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்த துணிகள். எவ்வளவு துவைத்தாலும் போகாது. வசந்தா அதைப் பார்த்து, "நம்ம சாயம்கூட இவ்ளோ கெட்டியா நிக்காது" என்பாள்.

எங்கள் தொழிலில் சாயம் போவதைவிடப் பெரிய அவமானம் இல்லை. வாங்கிய புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "கலர் போயிடுச்சு பாருங்க" என்று ஒருவர் கடை வாசலில் நின்றால் அன்றைக்கு நெசவாளி சாப்பிட மாட்டான். நானே எத்தனையோ புடவைகளைத் தண்ணீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்தி, கறை பட்டால் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கடைசி மாத்திரை கொடுத்து முடித்த இரண்டாம் நாள் காலையில், வசந்தா மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். என்னவோ ஏதோ என்று படி எண்ணாமல் ஏறினேன். அவள் குழந்தை அப்போதுதான் நனைத்த துணி ஒன்றை இரண்டு கையாலும் விரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்திருந்தாள். புதுத் துணி. சாயப் பட்டறையில் அவள் அப்பா நூலைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தேன்.

"கலர் போயிடுச்சுங்க" என்றாள்.